போனில் செவிலியர் பேசினால் மருத்துவமனைச் செலவு குறையுமா?

மாதம் ஒருமுறை ஒரு செவிலியர் போனில் கூப்பிட்டு விசாரித்தால், நாள்பட்ட நோயாளிகள் மருத்துவமனையில் போய்ப் படுப்பது குறையும், செலவும் மிச்சமாகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதை நம்பி இங்கிலாந்தும் அமெரிக்காவும் பெரும் பணம் போட்டன. ஆனால் ஆய்வு முடிவுகளைப் படித்தால் தலை சுற்றும். 2010இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, செலவு குறைந்தது என்றது. 2011இல் அதைவிடப் பெரிய இன்னோர் ஆய்வு, குறையவில்லை என்றது. 2013இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து ஆய்வு ஒரு படி மேலே போய், போன் வந்தவர்கள்தான் மருத்துவமனைக்கு அதிகம் போனார்கள் என்றது. மூன்றும் பெயர்பெற்ற மருத்துவ இதழ்களில் வந்தவை.

இதில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. 'தொலைபேசிக் கவனிப்பு' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சரக்குகள் புழங்குகின்றன. அளந்த படியும் ஆளுக்கு ஆள் வேறு.

## அந்த அழைப்பில் என்ன நடக்கிறது

இதயச் செயலிழப்பை எடுத்துக்கொள்வோம். பெயரைக் கேட்டால் இதயம் நின்றுவிட்டது போலத் தோன்றும். உண்மையில், இரத்தத்தைத் தள்ளும் வலு இதயத்துக்குக் குறைந்துவிட்ட நிலை அது. வலு குறைந்தால் உடம்பில் நீர் தேங்கும். அது முதலில் எடை பார்க்கும் மெஷினில் தெரியும், பிறகு காலில், அதற்கும் பிறகுதான் மூச்சில். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறினால் அது சாப்பாட்டால் வந்த எடையாக இருக்காது.

அதனால் செவிலியர் கேட்கும் கேள்விகள் இப்படி இருக்கும்: "காலையில எடை பாத்தீங்களா, எவ்வளவு காட்டுச்சு?" "செருப்பு இறுக்கமா இருக்கா?" "ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுக்கிறீங்க?"

கடைசிக் கேள்வி ஊர்க்கதை போலத் தெரியும். ஆனால் போன மாதம் வரை ஒரு தலையணையில் படுத்தவர் இப்போது மூன்று கேட்கிறார் என்றால், மட்டமாகப் படுத்தால் அவருக்கு மூச்சு முட்டுகிறது, நுரையீரலில் நீர் சேர்கிறது என்று பொருள். அன்றைக்கே நீர் மாத்திரையின் அளவை மாற்ற அந்தச் செவிலியருக்கு அதிகாரம் இருந்தால், நாலைந்து நாளில் வரவேண்டிய ஆம்புலன்ஸ் வராமலே போகலாம். அதிகாரம் இல்லையென்றால் அவர் சொல்லக்கூடியது ஒன்றுதான்: "உடனே டாக்டரைப் பாருங்க." இரண்டுமே தொலைபேசிக் கவனிப்புதான். முதலாவது மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைக்கக்கூடும், இரண்டாவது கூட்டவும் கூடும்.

பொதுவாக மூன்று வகை உண்டு:

1. ஆள் பேசுவது. பயிற்சி பெற்ற செவிலியர் குறிப்பிட்ட இடைவெளியில் கூப்பிட்டு மாத்திரை, உணவு, நடை, அறிகுறி பற்றிப் பேசுவார். 'உடல்நலப் பயிற்சி' என்பது இதற்கு வைத்த பெயர்.
2. மெஷின் பேசுவது. நோயாளி ஓர் எண்ணைக் கூப்பிட, பதிவு செய்த குரல் கேள்வி கேட்கும். பதிலுக்கு எண்ணை அழுத்த வேண்டும்.
3. கருவி பேசுவது. வீட்டில் வைத்த பிபி, எடை, ஆக்ஸிஜன் கருவிகள் அளவுகளைத் தாமே அனுப்பும். மறுமுனையில் ஒருவர் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்.

செய்திகளில் இவை மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்குகிறது.

## 'முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு' கணக்கு ஏன் ஏமாற்றும்

சேவை நடத்துபவர்கள் வழக்கமாகக் காட்டும் கணக்கு எளிமையானது. திட்டத்தில் சேர்வதற்கு முந்தைய ஆண்டில் இத்தனை சேர்க்கை, சேர்ந்த பின் இத்தனை, ஆகவே இவ்வளவு குறைவு. எண்கள் பொய்யாக இருக்காது. ஆனாலும் அந்தக் கணக்கு செல்லாது.

காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் அன்றுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மந்திரிக்கப் போவார்கள். மறுநாள் காய்ச்சல் இறங்கும். பெருமை கயிறு கட்டியவருக்குப் போகும். கட்டாமல் இருந்தாலும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். இதைப் புள்ளியியலில் 'சராசரிக்குத் திரும்புதல்' என்கிறார்கள். ஒரு அளவு உச்சத்தில் இருக்கும்போது ஆளைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த முறை அளக்கும்போது அது இறங்கியிருக்கும் வாய்ப்பே அதிகம்.

தொலைபேசித் திட்டங்களில் சேர்க்கப்படுவோர் பலர், போன ஆண்டு இரண்டு மூன்று முறை ஆம்புலன்ஸில் போனவர்கள். இறக்கம் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்பதை இங்கிலாந்தின் மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஓர் ஆண்டில் இரண்டோ அதற்கு மேலோ அவசரமாகச் சேர்க்கப்பட்ட, 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு அந்த வயதினரின் சேர்க்கைகளில் 38 சதவீதம் இவர்களுடையது. அடுத்த ஆண்டு இதே ஆட்களின் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழ். ஐந்து ஆண்டு கழித்து 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். சிலர் இறந்திருப்பார்கள், பலர் தேறியிருப்பார்கள். இந்த இறக்கத்துக்கு எந்தத் திட்டமும் காரணமில்லை.

இப்படி ஒரு கூட்டத்தை எடுத்து நாளுக்கு ஒரு திருக்குறள் வாசித்துக் காட்டியிருந்தாலும், ஆண்டு முடிவில் 'திருக்குறளால் மருத்துவமனைச் சேர்க்கை பெருமளவு குறைந்தது' என்று அறிக்கை விட்டிருக்கலாம்.

## ஒப்பிட யாரைப் பிடிப்பது

ஆகவே போன் வந்தவர்களோடு ஒப்பிட, போன் வராத அதே மாதிரி ஆட்கள் வேண்டும். அவர்களைப் பிடிக்க மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. மூன்றும் ஒரே தரம் கிடையாது.

1. சீட்டுக் குலுக்குவது. யாருக்குப் போன், யாருக்கு இல்லை என்பதைக் கணினி குருட்டாம்போக்கில் பிரிக்கும். வயது, நோயின் கடுமை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும். 'சமவாய்ப்புச் சோதனை' என்பது இதுதான்.

2. பொருத்தம் பார்ப்பது. திட்டம் ஏற்கெனவே தொடங்கிவிட்டால் சீட்டுக் குலுக்க முடியாது. அப்போது போன் வந்த ஒவ்வொருவருக்கும் வயது, பாலினம், நோய்கள், முந்தைய சேர்க்கைகள், வசிக்கும் பகுதியின் வறுமை ஆகியவை ஒத்துப்போகும் ஒருவரைப் பதிவேட்டில் தேடி எடுப்பார்கள். ஜாதகப் பொருத்தம் போலத்தான். கட்டத்தில் இருப்பது பொருந்தும், கட்டத்தில் இல்லாதது தெரியாது. மாத்திரையை ஒழுங்காகப் போடுபவரா, மகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாளா, போன வாரம் முதல் உடம்பு மோசமாகிக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்காது.

3. 'வேண்டாம்' என்றவர்களோடு ஒப்பிடுவது. மலிவான வழி, மோசமான வழி. செவிலியர் போனுக்கு ஒப்புக்கொள்பவரும் மறுப்பவரும் தொடக்கத்திலிருந்தே வேறு மாதிரி ஆட்கள்.

## பர்மிங்காம்: எதிர்பார்த்ததற்கு நேர் எதிர்

'பர்மிங்காம் ஓன்ஹெல்த்' 2006இல் தொடங்கியது. நகரின் கிழக்கு, வடக்குப் பகுதிகளுக்கான என்.எச்.எஸ் (இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை) அமைப்பும், 'என்.எச்.எஸ் டைரக்ட்' என்ற தொலைபேசிச் சேவையும், ஃபைசர் மருந்து நிறுவனத்தின் ஒரு பிரிவும் சேர்ந்து நடத்தியது. சர்க்கரை, இதய நோய், இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் போன்றவை உள்ளவர்களுக்குச் செவிலியர்கள் போன் செய்தார்கள். முதல் வகைக் கவனிப்பு, ஆள் பேசுவது.

நஃபீல்ட் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் சுகாதார ஆய்வு அமைப்பினர் இதைப் பொருத்தம் பார்க்கும் முறையில் மதிப்பிட்டார்கள். போன் வந்தவர்கள் 2,698 பேர், இங்கிலாந்தின் பிற பகுதிகளிலிருந்து தேர்ந்தெடுத்த இணைகள் 2,698 பேர். ஓராண்டு கழித்துப் பார்த்ததில்:

- அவசரச் சேர்க்கை இரு பக்கமும் கூடியிருந்தது. போன் வந்தவர்களிடம் கூடுதலாகக் கூடியிருந்தது. வித்தியாசம் தலைக்கு 0.05, அதாவது 100 பேருக்கு 5 சேர்க்கை.
- புறநோயாளி வருகை தலைக்கு 0.37 அதிகம். 100 பேருக்கு 37 வருகை.

முதல் எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆய்வாளர்கள் அதோடு ஒரு வரம்பும் கொடுத்திருந்தார்கள், 0.00 முதல் 0.09 வரை. உண்மையான வித்தியாசம் இதற்குள் எங்கேனும் இருக்கலாம் என்பது அதன் பொருள். கீழ் முனை பூஜ்யத்தைத் தொடுகிறது. ஆகவே 'போன் செய்ததால் சேர்க்கை கூடியது' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 'குறைந்தது' என்று சொல்ல இந்த எண்களில் இடமே இல்லை. இரண்டாம் எண்ணின் வரம்பு 0.16 முதல் 0.58 வரை. புறநோயாளி வருகை கூடியதில் சந்தேகம் குறைவு.

ஏன் இப்படி? எனக்குத் தோன்றும் விளக்கங்கள் இவை. இரண்டாவது சரியாக இருந்தால் ஆய்வே தடுமாறுகிறது, முதலாவது சரியாக இருந்தால் ஆய்வின் கேள்வியே தவறிப்போகிறது.

1. மறைந்திருந்த தேவை வெளியே வந்தது. கண் பரிசோதனைக்கு ஐந்து ஆண்டாகப் போகாத சர்க்கரை நோயாளியிடம் செவிலியர் "போங்கள்" என்கிறார். அவர் போகிறார். கணக்கில் அது ஒரு கூடுதல் வருகை, ஒரு கூடுதல் செலவு. பத்து ஆண்டு கழித்துக் காப்பாற்றப்பட்ட பார்வை ஓராண்டு ஆய்வில் எங்கும் பதிவாகாது.

2. பொருத்தத்தில் ஓட்டை. உடம்பு மோசமாகிக்கொண்டிருந்த நோயாளிகளைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் திட்டத்துக்கு அனுப்பியிருக்கலாம். அந்த மோசம் மருத்துவமனைப் பதிவுக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. அவர்களோடு இணை சேர்க்கப்பட்டவர், காகிதத்தில் அதே ஆள், நிஜத்தில் தெம்பானவர்.

3. செவிலியரின் கை கட்டப்பட்டிருந்தது. தூரத்திலிருந்து பேசுபவர், நேரில் பார்க்க முடியாதவர், சந்தேகம் வந்தால் 'மருத்துவமனைக்குப் போங்கள்' என்பதைத்தான் பாதுகாப்பான பதிலாகக் கொள்வார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

இந்த ஆய்வுக்கு இன்னொரு குறையும் உண்டு. இணைகளை மருத்துவமனைப் பதிவிலிருந்து எடுத்ததால், முன்பு மருத்துவமனைப் பக்கமே போகாத நோயாளிகள் இந்தக் கணக்கில் இல்லை. அவர்களுக்குப் போன் உதவியதா இல்லையா என்று இந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது.

இதே சேவையில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாத நோயாளிகளை மட்டும் எடுத்துப் பார்த்த வேறோர் ஆய்வில், சர்க்கரை அளவு ஓரளவு இறங்கியிருந்தது. ஒரே சேவைதான். படுக்கையை எண்ணியவருக்குத் தோல்வி, இரத்தத்தை அளந்தவருக்குச் சுமாரான வெற்றி.

## அமெரிக்கா: இரண்டு ஆய்வுகள், இரண்டு தீர்ப்புகள்

பர்மிங்காமுக்குச் சொன்ன 'பொருத்தத்தில் ஓட்டை' என்ற சமாதானத்தை இங்கே சொல்ல முடியாது. இரண்டுமே சீட்டுக் குலுக்கிய ஆய்வுகள்.

2010இல் வெளியானதில் 1,74,120 பேர். ஒரு பக்கத்தாருக்கு வழக்கமான அளவில் போன், மறுபக்கத்தாருக்குக் கூடுதல் போன். கூடுதல் பக்கத்திலும் 10.4 சதவீதம் பேருக்குத்தான் உண்மையில் பயிற்சி அழைப்பு கிடைத்தது. வழக்கமான பக்கத்தில் 3.7 சதவீதம். அப்படியிருந்தும் ஓராண்டில் மருத்துவச் செலவு தலைக்கு மாதம் 7.96 டாலர், அதாவது 3.6 சதவீதம் குறைந்தது. திட்டத்துக்கு ஆன செலவு தலைக்கு மாதம் 2 டாலருக்கும் கீழ். ஆய்வை எழுதியவர்கள் அந்தச் சேவையை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அதற்காக எண்ணைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, சீட்டுக் குலுக்கல் ஆளைப் பார்த்து மாறாது. ஆனால் வேறு யாராவது செய்து பார்த்தும் இதே விடை வருகிறதா என்று கேட்பது நியாயம்.

அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேர், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடத்திய சோதனையில் அந்த விடை வரவில்லை. எட்டு தனியார் நிறுவனங்கள், இதயச் செயலிழப்போ சர்க்கரையோ உள்ள 2,42,417 முதியவர்கள். நிறுவனங்களுக்குக் கட்டணமாகப் போனது கிட்டத்தட்ட 40 கோடி டாலர். பரிசோதனைகளை ஒழுங்காகச் செய்துகொள்வது போன்ற 40 அளவுகளில் 14 மட்டும் கொஞ்சம் மேம்பட்டன. மருத்துவமனைச் சேர்க்கை, அவசரப் பிரிவு வருகை, செலவு எதுவும் குறையவில்லை.

இரண்டிலும் நோயாளிகள் ஒன்றல்ல. முதலாவதில் இதயம், சர்க்கரை மட்டுமல்லாமல், முதுகுவலி, மூட்டு போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்டவரிடம் அரைமணி நேரம் பேசினால் ஒரு அறுவை சிகிச்சையே தவிர்க்கப்படலாம். மெடிகேர் முதியவர்களுக்கோ ஒருவருக்கே நாலைந்து நோய்கள், நாலைந்து மருத்துவர்கள். போன் செய்த நிறுவனத்துக்கும் அந்த மருத்துவர்களுக்கும் பெரிய தொடர்பு கிடையாது. செவிலியர் கண்டுபிடித்த சிக்கல் மருத்துவரின் மேசைக்குப் போய்ச் சேர நேரடி வழி இல்லாதபோது, கண்டுபிடித்தும் பயனில்லை.

## இதயச் செயலிழப்பில் மட்டும் படம் தெளிவு

அர்ஜென்டினாவில் 51 மையங்களில் நடந்த 'டயல்' சோதனை 2005இல் வெளிவந்தது. இதயச் செயலிழப்பு உள்ள 1,518 பேர். பாதிப் பேருக்குச் செவிலியர் போன் செய்தார். இறந்தவர்கள் அல்லது நோய் முற்றிச் சேர்க்கப்பட்டவர்கள் போன் வந்த பக்கம் 26.3 சதவீதம், வராத பக்கம் 31 சதவீதம். இறப்பு ஏறக்குறைய சமம்தான், குறைந்தது சேர்க்கை. அந்தச் செவிலியர்களுக்கு நீர் மாத்திரையின் அளவை மாற்ற அனுமதி இருந்தது. தலையணைக் கேள்விக்கு அங்கே பலன் இருந்தது.

ஐந்து ஆண்டு கழித்து அமெரிக்காவில் 1,653 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் இரண்டாம் வகை, மெஷின் பேசுவது, சோதிக்கப்பட்டது. தினமும் நோயாளியே கூப்பிட்டு, பதிவு செய்த கேள்விகளுக்கு எண்ணை அழுத்த வேண்டும். 180 நாள் முடிவில், மீண்டும் சேர்க்கப்பட்டவர்களோ இறந்தவர்களோ மெஷின் பக்கம் 52.3 சதவீதம், மற்றப் பக்கம் 51.5 சதவீதம். 14 சதவீதம் பேர் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. கடைசி வாரத்தில் வாரம் மூன்று முறையாவது கூப்பிட்டவர்கள் 55 சதவீதம் பேர்தான். மெஷினிடம் எத்தனை நாள் பேசுவது?

இதயச் செயலிழப்பில் ஆள் பேசும் சோதனைகள் உள்ளிட்ட தொலைபேசி ஆதரவு ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு மதிப்பாய்வு (ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது), இறப்பு 13 சதவீதமும், அந்த நோய்க்கான சேர்க்கை 15 சதவீதமும் குறைந்ததாகக் கண்டது. எல்லா நோய்களுக்குமான மொத்தச் சேர்க்கையில் தெளிவான குறைவு இல்லை. பட்ஜெட் போடுபவர் எண்ணுவது மொத்தத்தைத்தான் என்பதால், மருத்துவருக்கு இனிக்கும் செய்தி கணக்காளருக்கு இனிக்காது.

## தலைப்புச் செய்தியும் விலைச்சீட்டும்

மூன்றாம் வகைக்கு, கருவி பேசுவதற்கு, இங்கிலாந்து நடத்திய பெரிய சோதனை கார்ன்வால், கென்ட், நியூஹாம் பகுதிகளில் 3,230 நோயாளிகளோடு நடந்தது. ஆய்வுக் கட்டுரை வருவதற்கு முன்பே, 2011 டிசம்பரில், இறப்பு 45 சதவீதம் குறைந்தது என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு கட்டுரை வந்தது. ஒரு பக்கம் 4.6 சதவீதம் பேர் இறந்தார்கள், மறுபக்கம் 8.3 சதவீதம் பேர். இரண்டும் ஒரே கணக்குதான். 8.3 என்பது 4.6 ஆவது, விகிதத்தில் 45 சதவீதக் குறைவு, ஆட்களை எண்ணினால் 100 பேரில் நாலுக்கும் சற்றுக் குறைவு. செய்திக்கு எது போகும் என்று சொல்லத் தேவையில்லை. சோதனை தொடங்கியவுடன் கருவி இல்லாதவர்களின் அவசரச் சேர்க்கை திடீரென்று ஏறியதையும், வித்தியாசத்தின் ஒரு பகுதி அதனால் வந்திருக்கலாம் என்பதையும் ஆய்வாளர்களே கட்டுரையில் எழுதியிருந்தார்கள். அது தலைப்புக்கு வரவில்லை.

2013இல் விலைச்சீட்டு வந்தது. ஒருவருக்கு நல்ல உடல்நிலையில் ஓர் ஆண்டு ஆயுள் கூடுவதைப் பொருளியலில் ஓர் அலகாக வைத்து, அதற்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பார்கள். அப்போது இங்கிலாந்தில் ஓர் அலகுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை ஏற்கத்தக்க விலையாக இருந்தது. இந்தச் சோதனையில் வந்த விலை 92,000 பவுண்டு.

## அறிக்கை கைக்கு வரும்போது

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரையோடு ஆளே வீட்டுக்குப் போகிறார். ஆகவே மேலே சொன்ன முடிவுகளை அதன் மேல் ஒட்டவைக்க முடியாது. நம் பக்கத்துக்கு நெருங்கிய சான்று சென்னை ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 537 ஆண்களில் பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டில் நோய் வந்தவர்கள் அந்தப் பக்கம் 18 சதவீதம், மற்றப் பக்கம் 27 சதவீதம். சீட்டுக் குலுக்கிய ஆய்வு. ஆனால் இது நோய் வராமல் தடுப்பது, வந்த நோயைப் பார்த்துக்கொள்வது வேறு வேலை. வேலை செய்யும் வயதில், தன் போனைத் தானே வைத்திருக்கும் ஆண்களிடம் கிடைத்த முடிவு, மகன் கையில் இருக்கும் ஒரே போனை நம்பியிருக்கும் எழுபது வயது அம்மாவுக்குப் பொருந்துமா என்பதையும் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

ஒரு மருத்துவமனையோ காப்பீட்டு நிறுவனமோ 'போன் கவனிப்பால் சேர்க்கை குறைந்தது' என்று அறிக்கை விட்டால் கேட்க வேண்டியவை:

1. யாரோடு ஒப்பிட்டார்கள்? 'அவர்களையே முந்தைய ஆண்டோடு' என்றால் அதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.
2. சேர்ந்தவர்கள் அத்தனை பேரையும் எண்ணினார்களா, கடைசிவரை போன் எடுத்தவர்களை மட்டுமா? பாதியில் விட்டவர்களில் இறந்தவர்களும் இருப்பார்கள்.
3. பேசியது யார், அவரால் மருந்தை மாற்ற முடியுமா, நோயாளியின் மருத்துவரை அன்றே பிடிக்க முடியுமா?
4. எண்ணியது எதை? சர்க்கரை அளவா, சேர்க்கையா, செலவா, உயிரா?
5. சேவையின் செலவையும் கழித்துத்தான் மிச்சம் சொன்னார்களா?
6. கூடிய சேர்க்கைகளில் எத்தனை தேவையானவை? பர்மிங்காமில் 100 பேருக்கு 5 என்று கூடியதில், தலையணை மூன்றானதைக் கேட்டு உடனே அனுப்பிவைக்கப்பட்டவர் ஒருவர் இருந்திருக்கலாம், வீணாகப் பயந்து போய் ஒரு ராத்திரி படுத்துவிட்டு வந்தவரும் இருந்திருக்கலாம். மருத்துவமனைப் பதிவேட்டில் இருவரும் ஒரே வரிதான்: அவசரச் சேர்க்கை, 1.